டிரம்மில் போட்ட வெள்ளைக் கோடு

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் கிராமம். கல்லூரியில் கெமிஸ்ட்ரி முதல் வருடம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். கொல்லையில் அப்பா புதிதாகச் சாண எரிவாயுத் தொட்டி கட்டியிருந்தார். சாணக் கரைசலின்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர எழும்பும், அடுப்பு எரிய எரிய இறங்கும்.

தீ மந்தமாக எரிகிறதென்று அம்மாவுக்குக் குறை. கேஸில் கலந்திருக்கும் கரியமில வாயுதான் காரணம். சும்மா விடுவேனா? அடுப்பருகே ஒரு கண்ணாடி ஜாடியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, மூடியில் இரண்டு குழாய் செருகி, இடுக்கை மெழுகால் அடைத்து, கேஸை அதன் வழியாக அனுப்பினேன்.

தினமும் சாணம் கரைக்க வரும் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"இன்னா தம்பி, கேஸக் குளிப்பாட்டிக்கினு கீறீங்களா?" என்று சிரித்தாள்.

குளித்த கேஸ் நீலமாக எரிந்தது. அழுகிய முட்டை நாற்றமும் போயே போச்சு! கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து, ஜாடியின் அடியில் சாக்குப் பொடியாக வெள்ளையாகப் படிந்தது. ரைஸ்மில் புகையையும் இப்படிப் பிடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் சாக்பீஸ் செய்து கொடுக்கலாமென்று கனவு கண்டேன்.

நாலாம் நாள் காலை நல்ல மழை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். காபி போடலாமென்று தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். கொல்லையிலிருந்து அலறல்.

"தம்பி! அடுப்பு எரியுதா?"

"இல்லையே, இப்பத்தான் பத்த வெக்கப் போறேன்."

"வெக்காத! வெளிய ஓடியா! அடுப்பே எரியல, டிரம் எறங்கிக்கினே கீது!"

தீப்பெட்டியோடு வெளியே ஓடினேன். அவளே டிரம்மின் வால்வை மூடினாள். கதவையெல்லாம் திறந்துபோட்டு வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனோம். விடியலில் அம்மா வெந்நீர் வைத்த அடுப்புச் சூட்டில் மெழுகு உருகி, மூடி வழியாகக் கேஸ் சமையலறை முழுக்க நிறைந்திருக்கிறது. எனக்கு நாற்றமே தெரியவில்லை. எப்படித் தெரியும்? கரியமில வாயுவோடு, எச்சரிக்கை செய்யும் நாற்றத்தையும் என் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொண்டதே!

"நாத்தம் இல்லாத கேஸ நம்பாதீங்க தம்பி," என்றவள், அப்புறம்தான் சிரித்தாள்.

ஜாடியைக் கொல்லைக்கு மாற்றினேன். படிந்த வெள்ளையைக் காயவைத்து உருட்டியதில் கோணல்மாணலாக ஐந்து சாக்பீஸ் தேறின. ஐந்தையும் அவளிடமே கொடுத்தேன். அன்று முதல் தினமும் டிரம் நிற்கும் மட்டத்தில் அவள் கோடு போட்டுவிட்டுப் போவாள்; அடுப்பு எரியாமலே கோடு இறங்கினால் எங்கேயோ கசிகிறதென்று அர்த்தம். இன்றைக்கும் எதையாவது செய்து ஜெயித்துவிட்டதாகத் துள்ளும்போதெல்லாம், அந்தக் கோடு எங்கே நிற்கிறதென்று என் மனசு ஒருமுறை கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது.