‘ஆன் தி வே’ என்றால் எவ்வளவு தூரம்?

எங்கள் குடும்பத்தில் ஒருவர் போனில் ‘ஆன் தி வே’ என்றால், அவர் இன்னும் குளிக்கவில்லை என்று பொருள். ‘ஆல்மோஸ்ட் ஆன் தி வே’ என்றால் படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை. திருச்சி முழுவதற்கும் இதே அகராதிதானா என்று எனக்கு நெடுநாள் ஆராய்ச்சி. பிளம்பர், சிலிண்டர் போடுகிறவர், கல்யாண சமையல்காரர் என்று கவனித்தவரை ஒரே அகராதிதான்.

இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வழியில இருக்கேன்’ என்றால் உடனே ‘எந்த இடத்துல?’ என்று கேட்பார்கள். பாலமா, சிக்னலா என்று ஏதாவது ஒன்றைக் கற்பனை செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் அந்தச் சலுகையை நான் விட்டதில்லை. தென்னூரில் என் வீட்டு பால்கனியில் லுங்கியோடு நின்று, தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்கும்படி போனைப் பிடித்துக்கொண்டு ‘ஆன் தி வே’ சொன்னவன் நான்.

இந்தத் தை மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. இரண்டு வயதுக் குழந்தை. திருவெள்ளறைக்குப் பக்கத்தில், தங்கை கணவரின் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு ஒரே தங்கை, அவளுக்கு ஒரே பெண். என் மடிக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை என்பதால் பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முடிக்க வேண்டும்.

எட்டரைக்கே சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஒரு லாரி படுத்துக்கொண்டது. பஸ் நகரவில்லை. ஒன்பதரைக்குத் தங்கை கூப்பிட்டாள்.

“எங்கண்ணே இருக்கீங்க?”

“ஆன் தி வே.”

 அவள் அங்கே யாரிடமோ, “இன்னும் கிளம்பலையாம்” என்றாள்.

“ஏய், நிஜமாத்தான்! கொள்ளிடம் பாலத்துல நிக்கிறேன். ஹாரன் கேக்குதா?”

“கேக்குது, கேக்குது. பால்கனியில ரொம்ப நேரம் நிக்காதீங்க, வெயில் ஏறுது.”

வேறு வழியில்லாமல் போனைக் கண்டக்டரிடம் நீட்டினேன். பாவம், நல்ல மனிதர். “ஆமாங்கம்மா, சார் பஸ்லதான் இருக்காரு” என்று சாட்சி சொன்னார். திரும்ப வாங்கிக் காதில் வைத்தபோது தங்கை, “யாருண்ணே அது, மாடி வீட்டுக்காரரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் நான் இறங்கியபோது பத்து இருபது. குழந்தையின் அலறல் ரோடு வரை கேட்டது. அவள் எங்கள் சித்தப்பா பையன் மடியில் இருந்தாள். என்னை நம்பாமல் அவனை முதல் நாளே தங்கை ஸ்ரீரங்கத்திலுள்ள தன் வீட்டுக்கு வரவழைத்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆசாரி ஒரு காதை முடித்திருந்தார்.

தங்கை என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னொரு காது இருக்கு. உக்காருங்க.”

முதல் காதுக்குக் குழந்தைக்கு விஷயம் தெரியாது. இரண்டாவதற்கு எல்லாம் தெரியும். என்னைக் கண்டாலே சிரித்துத் தாவுகிறவள், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பிரித்தெடுத்து மடியில் வைத்தேன்.

“தலைய அசையாம புடிங்க சார்” என்றார் ஆசாரி.

பிடித்தேன். இரண்டு குதிகாலும் என் வயிற்றில் இறங்கின. குத்தி முடித்ததும் அவள் நனைந்த முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினாள். அவன் தூக்கிக்கொண்டு ஆட்டுக்குட்டி காட்டப் போய்விட்டான். மடி இன்னும் சூடாக இருந்தது.

“நிஜமா எப்பண்ணே கிளம்புனீங்க?” என்று தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எட்டரைக்கு பஸ்ல உக்காந்துட்டேன்.”

“அப்ப அதைச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”



“மாட்டேன்” என்று சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.