தாசில்தார் கையில் கொடுத்த மனு

சென்ற மாதம் தாலுகா ஆபீசுக்கு வந்த சதுரங்கப்பட்டினத்துத் தலையாரி, கொண்டுவந்த காகிதங்களை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம சுபேதார் பூட்டாரு சார். மாரடைப்பு." சுபேதார் கோவிந்தசாமியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்து, பர்மாவில் சண்டை போட்டு, சுதந்திரக் கொடிக்கும் சல்யூட் அடித்துவிட்டு ஊர் திரும்பினார். பட்டாளத்துக்காரருக்குத் தரும் புறம்போக்கு நிலத்துக்கு மனுப் போட்டார். முதலில் சேர்ந்த பட்டாளத்திலிருந்து சான்று வேண்டும் என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நான்தான். விதி அது. ஆனால் அந்தப் பட்டாளம் பிரிவினையில் பாகிஸ்தான் பங்குக்குப் போய்விட்டது.

"ரிக்கார்டெல்லாம் அங்க கீது சார். எழுதிப் போட்டுகினே கீறேன்" என்பார். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். பதில் வரவில்லை. எங்கள் ஆபீசும் அசையவில்லை. இரண்டு சர்க்காருக்கு உழைத்த மனிதரை மூன்றாவது சர்க்காரிடம் காகிதம் வாங்கி வரச் சொன்ன மடத்தனத்தை என்னவென்பது?

கிராமக் கணக்குகளைப் பார்க்கக் கலெக்டர் வந்த போன ஜமாபந்திக்கு நான்தான் அவரை வரச் சொன்னேன். அன்றைக்கு ஜனங்கள் கலெக்டர் கையிலேயே மனுக் கொடுக்கலாம். விதியைத் தளர்த்த அவரால்தான் முடியும். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் சுபேதார் வரிசையில் வந்தார். கலெக்டர் கையை நீட்டினார். இவரோ விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற தாசில்தாரிடம் மனுவைக் கொடுத்தார்! சாயங்காலம் அது என் மேசைக்கே திரும்பி வந்தது.

மனுவைக் கொடுத்துவிட்டு அவர் வெளியே போனதுமே பின்னால் ஓடிப்போய் அவரிடம் கத்தினேன்.

"இன்னா சார் நீங்க? நம்ம அதிகாரி நிக்கசொல்ல அவரத் தாண்டி மேல குடுக்கறதா? அது ஒழுங்கா?" என்றார்.

"அந்த அதிகாரிதானே உங்களை இழுத்தடிக்கிறார்!"

"அதுக்கோசரம்?" என்று கேட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

காரியம் முடிந்தபின் அவர் மனைவி ராஜம்மாளைப் பார்க்கப் போனேன். ராஜம்மாள் பெயரிலேயே புது மனு எழுதிக் கொடுத்து, வரும் ஜமாபந்தியில் நேராகக் கலெக்டர் கையில் கொடுக்கச் சொன்னேன். அந்த அம்மாள் தயங்கினார்.

"தாசில்தார் இருக்கசொல்ல நேராக் குடுக்கலாமா சார்? எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாரே."

"திட்டட்டும்மா. நானும் கூட வரேன்."

சுபேதாருக்கு ஒருநாளும் வராத கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்திருப்பது அதைத்தான். அந்த அம்மாள் கைக்குப் பட்டா வரும்வரை அதை ஆறவிடப் போவதில்லை.