ஏர்போர்ட்டில் நின்றுபோன பாட்டு

காரில் ஏன் பாட்டே போடுவதில்லை என்று பின் சீட்டிலிருந்து நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஓட்டும்போது சொல்ல வந்தால் திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிடுகிறேன். அதனால் எழுதி வைக்கிறேன். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் கொடுங்கள். அவள் சிரித்துக்கொண்டேதான் வாசிப்பாள், விடுங்கள்.

இந்தக் காரை ஒரு போலந்துக்காரரிடம் பழையதாக வாங்கினோம். உங்கள் அக்கா அப்போதுதான் ஹைஸ்கூல் சேர்ந்திருந்தாள், நீங்கள் டேகேரில் இருந்தீர்கள். சாவியைக் கொடுக்கும்போது அவர், ப்ளேயருக்குள் ஒரு சிடி மாட்டிக்கொண்டிருக்கிறது, வெளியே வராது என்று வருத்தப்பட்டார். பிறகு என் தோளைத் தட்டி, "நல்ல சிடிதான். எங்க நாட்டு பேண்ட்" என்றார். ஆன்டெனா உடைந்திருந்ததால் ரேடியோவும் இரைச்சல்தான். ஆக, நம் காரில் இருந்தது அந்த ஒரே ஆல்பம்.

நான் ஸ்கூலோடு நிறுத்தியவன், சங்கீதம் தெரியாது. தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு பாட்டும் நீளம். முதலில் பியானோ மட்டும், யாரோ பக்கத்து அறையில் வாசிப்பது போல. பிறகு கிடார் வரும். அது சும்மா வராது, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர்கள் மாதிரி இழுத்து இழுத்து வரும். பாடுகிறவர் எப்போது வாயைத் திறப்பார் என்று காத்திருக்க வேண்டும்.

"போலந்து பாஷை கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னேன்.

"அத்தா! ஹீ இஸ் சிங்கிங் இன் இங்கிலீஷ்!"

"அப்படியா? நம்ம இங்கிலீஷ் மாதிரியே இருக்கே."

அன்று ஸ்கூல் வாசல் வரைக்கும் சிரித்தாள்.

காலையில் ஓக் ட்ரீ ரோட்டில் நம் கறிக்கடையைத் திறக்குமுன் அவளை ஸ்கூலில் விடுவேன். காலேஜ் போன பிறகு ரயில் ஸ்டேஷனில் விடுவேன். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினால் பாட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு முடியாமல் காரிலிருந்து இறங்கக் கூடாது. கண்ணெதிரே ரயில் கிளம்பிப் போகும். "போகட்டும் அத்தா, இது முடியட்டும்" என்பாள். நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். பேசிய மாதிரி இருக்கும்.

படிப்பு முடிந்து அவளுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. அங்கே ஆலன் என்ற ஊரில் வீடு பார்த்துக்கொண்டாள். நூவர்க் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு மறுபடி காருக்குள் வந்து உட்கார்ந்தோம். கடைசிப் பாட்டு, கிடார் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் பானட்டைத் தட்டினார். "மூவ், மூவ்!" அக்கா இறங்கினாள். கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் ப்ளேயரை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு போடவே இல்லை. அடுத்து எப்போது போட்டாலும் நின்ற இடத்திலிருந்துதானே வரும்? அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மிச்சத்தைக் கேட்கலாம் என்று இருந்தேன். போனில் எங்களுக்குப் பேச்சு ஓடுவதில்லை. "சாப்டியாம்மா?" "சாப்டேன் அத்தா." "அப்புறம்?" "நத்திங் அத்தா." அவ்வளவுதான். காரில் இப்படி வார்த்தை தேடியதே இல்லை. கடைக்குப் போகையில் பக்கத்து சீட்டைப் பார்ப்பேன், ப்ளேயரைப் பார்ப்பேன், கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொள்வேன்.

இந்தக் குளிரில் பேட்டரி செத்துவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிள் ஜம்பர் கேபிள் கொண்டு வந்து மாட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க பாய்" என்றார். கார் உறுமியது. ப்ளேயர் தானாக எழுந்து, நின்ற இடத்தை மறந்து, முதல் பாட்டின் பியானோவை வாசித்தது. பதறிப்போய் அணைத்தேன்.

"என்ன பாய், வண்டிதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே. ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"இடம் போயிடுச்சு சார்."

"எந்த இடம்? பார்க்கிங்கா?"

இறங்கிக் கேபிளைச் சுருட்டி அவரிடம் கொடுத்தேன். அப்படியே கடைக்குப் போனேன். அன்று மத்தியானம் கறி வெட்டக் கை ஓடவில்லை. ஏப்ரனோடு வெளியே வந்து அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத்தா... இவ்ளோ நாளா சேவ் பண்ணி வச்சிருந்தீங்களா?"

"நீ வந்து முடிக்கணும்ல."

"போன்லயே இருக்கே அந்த ஆல்பம்."

"நீ கேட்டியா?"

"இல்ல. தனியா கேக்கப் பிடிக்கல" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓகே, ஃபர்ஸ்ட்லேர்ந்துதானே வருது? பெட்டர். பெருநாளுக்கு டிக்கெட் போட்டிருக்கேன். ஏர்போர்ட்லேர்ந்து ஃபுல்லா கேக்கலாம். பட் டர்ன்பைக் ஹைவேல வராதீங்க அத்தா, சீக்கிரம் வீடு வந்துடும்."

அதனால்தான் கடை மூடியதும் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு ஆல்பம் முழுவதும் ஓடும்படி ஒரு வழி தேடி. சிக்னல் நிறைய உள்ள தெருக்கள் நல்லதாகப் படுகின்றன. அம்மா பெட்ரோலைப் பற்றிக் கேட்டால் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

பெருநாளுக்கு அக்காவைக் கூட்டிவர நீங்களும் வரலாம், பின் சீட் உங்களுக்குத்தான். ஒன்றே ஒன்று. வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் நாங்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், கதவைத் திறக்காதீர்கள்.