சீதாவின் குலுக்கலும் என் முழங்காலும்

என் தங்கை சீதா கணிதத்தில் கலாநிதி. செய்திகளை இரகசியமாகப் பூட்டும் கணக்குத்தான் அவளுடைய துறை. அவள் வத்தேகம பஸ்ஸில் வந்து இறங்கினால் போதும், பூட்டிக்கொண்ட போன்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாலு பேர் வந்துவிடுவார்கள். "பூட்டத் திறக்கிறது என் வேல இல்லங்க, திறக்க முடியாம பூட்டுறதுதான் என் வேல" என்பாள். இவ்வளவு படித்து என்ன பிரயோசனம் என்று அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

சின்ன வயதிலேயே அவள் ஒரு தினுசு. கொய்யாப்பழத்தைப் பங்கு போட்டால், வெட்டுகிறவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் போடுவாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. வெட்டுகிறது எப்போதும் நான்தான்.

கண்டியில் உயர்தரம், பேராதனையில் பட்டம், நெதர்லாந்தில் ஆறு வருடம். ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேர், வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு, ஏமாற்ற வழியில்லாமல் காசு சுண்டுவது எப்படி என்று அங்கே ஆராய்ந்தாளாம். "நேர்ல சந்திச்சு சுண்டினா என்ன?" என்று கேட்டேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு திரும்பி வந்து பேராதனையிலேயே படிப்பிக்கத் தொடங்கினாள்.

2018இல், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாய் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. இருபது குடும்பத்துக்கும் இருபது புது வீடுகள். ஒன்றாம் வீடு றோட்டோரம். இருபதாம் வீடு நூற்று நாற்பது படிக்கு மேலே. தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் நின்றே படிப்பித்ததில் என் வலது முழங்கால் போய்விட்டது. படி ஏறவே கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டைக் குலுக்கலில் கொடுப்பதென்று முடிவானபோது, பக்கத்துக் காம்பரா கறுப்பையா எழுந்தார். "சீட்டக் குலுக்குற கைய யாரு நம்புறது? நம்ம சீதா புள்ளையக் கூப்பிடுங்க."

அன்றைக்கே அவளுக்குப் போன் எடுத்தேன். "எனக்கு ஒரு வழி பாரேன்டி" என்றேன்.

"வழியே இல்லாம பண்றதுதான் என் தொழில்க்கா" என்று வைத்துவிட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று திட்டினேன்.

அவள் சொன்ன முறை இதுதான். வீட்டுக்கு ஒருவர் நூறுக்குள் ஒரு எண்ணை எழுதி, உறையில் ஒட்டி, தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பிரித்துக் கூட்டி இருபதால் வகுத்து, மிஞ்சும் எண்தான் லயத்தின் முதல் காம்பராவுக்கு வீடு. எதுவும் மிஞ்சாவிட்டால் இருபதாம் வீடு. அடுத்த காம்பராவுக்கு அடுத்த எண்; இருபதுக்குப் பிறகு மறுபடி ஒன்று. அடுத்தவர் எழுதியது தெரியாதபோது யாரும் தனக்குச் சாதகமாக எழுத முடியாது. உறை நனைந்து எழுத்து அழிந்தால் அதை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டுவோம் என்றும் சொன்னாள்.

முதல் காம்பரா எங்களுடையது.

ஞாயிறு காலை, நல்ல மழை. பாடசாலையில் கூடினோம். அக்காவை முன்னுக்கு வைத்தாள் என்று பேச்சு வரக்கூடாதென்று, சீதா கடைசிக் காம்பராவிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள். பத்தொன்பது உறை முடிந்தபோது கரும்பலகையில் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. இருபதால் வகுத்தால் மீதி ஒன்று. றோட்டோர வீடு! ஆனால் நான் எழுதியிருந்தது முப்பத்தொன்பது. அதைச் சேர்த்தால் தொள்ளாயிரத்து அறுபது, மீதி இல்லை. நூற்று நாற்பது படி.

மடியில் உறை, கையில் தேத்தண்ணிக் கோப்பை. கொஞ்சம் கை தவறினால் மை கரைந்துவிடும், என் எண் சேராது. மற்றவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சீதா பலகையைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஊர் உலகமெல்லாம் படித்துவிட்டு இப்படியொரு ஓட்டையை விட்டிருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோப்பையைக் கீழே வைத்தேன். உறையைப் பிரித்து முப்பத்தொன்பது என்று உரக்க வாசித்தேன்.

ஒரு சண்டையும் வரவில்லை. "கணக்குன்னா இதுதான்யா கணக்கு" என்றார் கறுப்பையா. ஒன்றாம் வீடு அவருக்குத்தான் விழுந்திருந்தது.

குடிபோன அன்று சீதா என்னைத் தாங்கிப் பிடித்துப் படி ஏற்றினாள். பாதி வழியில் முடியாமல் இருவரும் உட்கார்ந்தோம்.

"ஒன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் பிரிச்சேன்" என்றேன். "நான் எங்க தேத்தண்ணியக் கொட்டிடுவேனோன்னு நீ பயந்தது மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சு."

அவள் என் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பயமா? கொட்டிடு கொட்டிடுன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்க்கா."