அம்மா கேட்காமல் விட்ட பகிடி

அண்ணையைப் பற்றி அழுது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிரிப்பாக எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது. அவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடுகிற இந்த நினைவு மலருக்கு என்னத்தை எழுதுவது என்று, தங்கை நான் பேனையோடு இருந்து முழித்ததுதான் மிச்சம். கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில், வெங்காயத் தோட்டம் செய்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அண்ணை. படிப்பிலும் கெட்டிக்காரர், வாயிலும் கெட்டிக்காரர். அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினோம். ஷெல் விழுகிற அவசரத்தில் அம்மா நகைப்பெட்டியை விட்டுவிட்டு அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அம்மி வீட்டிலே கிடக்க, குழவி மட்டும் தென்மராட்சி வரைக்கும் எங்களோடு வந்தது. சொந்தக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை.

அண்ணை செய்த வேலை பலருக்கு விளங்காது. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று போர் விளையாட்டு விற்கிறது. மேசையில் விரலளவு பொம்மைப் படைகளை அடுக்கி, தாயக்கட்டை உருட்டி விளையாடுவார்கள். அந்த விளையாட்டின் கற்பனை விண்வெளி உலகத்தில் நடக்கும், சிரிக்கவைக்கிற பகிடி நாவல்களை, கொக்குவில் வீட்டில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர் அண்ணை. உலகமும் படைகளும் கொம்பனியுடையவை. பெரிய தளபதி எவரையும் சாகடிக்க அவருக்கு அனுமதியில்லை. "குத்தகைத் தோட்டம் பிள்ளை. காணி அவங்கடை, பாடு என்ரை," என்று சிரிப்பார்.

மகன் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டால், "கொம்பியூட்டரிலை ஏதோ வேலை," என்று அம்மா கதையை மாற்றிவிடுவார். அண்ணை விடமாட்டார். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருப்பார்.

"அம்மா, ஒரு பகிடி கேளுங்கோவன்."

"சண்டையிலை என்னடா பகிடி? செத்தது எங்கடை சனம். எழும்பிப் போ!"

அண்ணைக்கு முகம் சுருங்கிவிடும். "சரி, பிறகு சொல்லுறன்," என்று எழும்புவார். அந்தப் பிறகு வரவேயில்லை. நெஞ்சுநோ என்று ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன அண்ணையை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவர எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு அன்று, அண்ணைக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் வடையும் படைத்த இடத்தில் அண்ணி ஒரு புத்தகத்தையும் வைத்தார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உந்தச் சண்டைப் புத்தகத்தை ஏன் பிள்ளை இதிலை வைக்கிறீர்?"

"மாமி, இதிலை நீங்களெல்லோ இருக்கிறியள். அதைச் சொல்லத்தானே அவர் வந்து வந்து போனவர்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை எடுத்து, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். தோற்று ஓடுகிற படை ஒன்று. அதன் சமையல்காரக் கிழவி, விண்கப்பலில் ஏறுகிற அவசரத்தில் தளபதியின் பொன்பெட்டியை விட்டுவிட்டுக் குழவியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் முதலில் அம்மி தேடுகிறாள். பெட்டி எங்கே என்று தளபதி குதிக்கிறார். "உன்ரை பொன்னை அரைச்சுச் சம்பல் போடேலுமோ?" என்று கேட்கிறாள் கிழவி.

"ஐயோ, உது நானெல்லோ!" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பிறகுதான் அழுகை வந்தது.

"எத்தினை தரம் வந்து இருந்தவன்! ஒருக்கால் கேட்டிருக்கலாமே. ஐயோ, என்ரை ராசா!"

எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களையெல்லாம் சிரிக்கவைத்த மனுசன், இந்த ஒரு சிரிப்பைக் காணாமல் போனாரே என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

அண்ணையை ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடியவர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கடல் கடந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்ததைப் பற்றி எழுதியதற்குப் பேச்சு விழும் என்று பயந்து, அந்த இடத்தை வெட்டட்டோ என்று கேட்டேன்.

"வெட்டாதை பிள்ளை. நான் சிரிச்சனான் எண்டு வடிவா எழுது. அவனுக்குத் தெரியோணும்."