புகையிலைத் தோட்டத்து வளையங்கள்

தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு, 1941ஆம் ஆண்டின் கடைசியில் தேவமலர் மலாயாவிலிருந்து தனியே கப்பலேறி யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு வந்தாள். ஈப்போ ரயில்வேயில் கிளாக்கராக இருந்த அவள் கணவன் தேவராஜா, “ஈஸ்டருக்கு நானும் வாறன்” என்று சொல்லித்தான் கையசைத்தான். ஈஸ்டருக்கு முன்னமே மலாயா யப்பான்காரர் கையில் விழுந்தது. கடிதம் நின்றுபோயிற்று. தாயும் அந்த வருஷமே கண்ணை மூடினாள்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் பலாலி விமானத்தளத்துக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, ஒழுங்கை, கிணறு, பனங்கூடல் எல்லாவற்றையும் வரைபடத்தில் கீறுகிற வேலை. ஒருநாள் சண்டிலிப்பாய்ப் படமொன்றில், புகையிலைத் தோட்டத்துக்குள் மூன்று கறுத்த வளையங்கள் தெரிந்தன. மேலதிகாரியான வெள்ளைக்காரக் கப்டனிடம் காட்டினாள். அவர் அதைக் கனநேரம் பார்த்தார்.

“எங்கள் ஊரிலும் இப்படித் தெரியும். ஆதிகாலத்தில் செத்தவர்களைப் புதைத்து, மேலே மண்மேடு எழுப்பி, சுற்றிவர அகழி வெட்டினார்கள். மேடு உழவில் கரைந்துவிட்டாலும் அகழி மண் ஈரம் பிடிக்கும். அதன்மேல் பயிர் கறுத்து வளரும். நிலத்தில் நின்றால் தெரியாது. போய் விசாரித்துப் பாருங்கள்.”

படத்தோடு சண்டிலிப்பாய்க்குப் போனவளைப் பார்த்து, தோட்டத்துச் சொந்தக்காரர் ஏரம்பு சிரித்தார். “வளையமோ? பிறந்த நாள் தொட்டு இதுக்குள்ளைதான் நிக்கிறன் பிள்ளை. ஒண்டையும் காணேல்லை.”

படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கிணற்றைக் கண்டுபிடித்தார். பிறகு விரல் மெல்ல வளையத்தைச் சுற்றியது. “ஓம், உந்த இடத்திலை புகையிலைக் கண்டு எப்பவும் உயரமாத்தான் வரும். மாட்டெரு எண்டெல்லோ நினைச்சனான்.”

மோர் கொண்டுவந்த அவர் மனைவி சிவக்கொழுந்தும் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, எங்கடை வீடு! கொடியிலை என்ரை சீலை காயுது.” மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். “பிள்ளை, மலாயாவையும் உப்பிடிப் படம் எடுக்கினமோ?”

“எடுப்பினமாக்கும் அக்கா.”

“சிரம்பானிலை என்ரை மோன் நிக்கிறான். அவன்ரை வீட்டு முத்தத்தைக் கண்டாலே போதும். கொடியிலை உடுப்புக் காய்ஞ்சால், ஆரோ உயிரோடை இருக்கினம் எண்டு தெரியுமெல்லே.”

மலாயாப் படம் ஏதும் வருமா என்று கப்டனைக் கேட்டு, இல்லை என்ற பதிலையும் கேட்டவள் தேவமலர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதன்பிறகு அடிக்கடி சண்டிலிப்பாய்க்குப் போனாள். வளையங்களைப் பற்றிக் கதைக்கப் போய், இரண்டு பெண்களும் மலாயாவைப் பற்றியே கதைத்தார்கள். “வளையம் ஒண்டைக் கிண்டிப் பாக்கலாமோ?” என்று தேவமலர் கேட்டபோது ஏரம்பு மட்டும் சம்மதிக்கவில்லை. “செத்த சனத்தைக் குழப்பக்கூடாது பிள்ளை.”

யுத்தம் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கின. தேவராஜாவோடு வேலைசெய்த அருளம்பலம் ஒருநாள் உடுவிலுக்கு வந்தார். சீயத்தில், அதாவது தாய்லாந்தில், ரயில்பாதை போட யப்பான்காரர் கொண்டுபோன இடத்தில், வாந்திபேதியில் தேவராஜா போய்விட்டானாம்.

“எங்கை அவரைப் புதைச்சவை?”

“தெரியாது தங்கச்சி. ஒரே மழை, ஒரே காடு.”

அவள் அழவில்லை. விடிந்ததும் சண்டிலிப்பாய்க்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். பிறகு, “ஏரம்பண்ணை, ஒண்டைத் திறந்து காட்டுங்கோ” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்தார்.

புகையிலை வெட்டி முடிந்த தரை. வளையத்தின் நடுவே இடுப்பளவு ஆழத்தில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு பானை. பக்கத்தில், முழங்கால் மடித்த எலும்புகள். கையருகே சின்னச் சட்டியொன்று.

“ஆரோ பக்குவமாய்க் கிடத்தியிருக்கினம்,” என்றாள் சிவக்கொழுந்து.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தேவமலர் மண்ணில் குந்தி வாய்விட்டு அழுதாள். சிவக்கொழுந்து அவளை அணைத்துக்கொண்டாள். மகனைப் பற்றி அவளுக்கும் அதுவரை ஒரு தகவலும் இல்லை. வெயில் ஏறிய பிறகு மூன்று பேருமாகக் குழியை மூடினார்கள்.

அடுத்த தை மாதம் சிவக்கொழுந்தின் மகன் வந்து சேர்ந்தான். விருந்துக்குத் தேவமலரும் போனாள். சாப்பாடு முடியும்வரை பொறுத்திருந்து அவனிடம் கேட்டாள்: “தம்பி, ஈப்போ ஸ்டேஷனுக்கு முன்னாலை ஒரு பெரிய மரம் நிண்டது. இப்பவும் நிக்குதோ?”

“நான் ஈப்போப் பக்கம் போகேல்லை அக்கா.”

“பரவாயில்லை,” என்று கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தாள். “அப்ப சிரம்பானைப் பற்றிச் சொல்லுங்கோ.”