இறப்பர் மலையில் கிடந்த தகரங்கள்

போலீஸ் ஜீப் வந்து, பெரிய காற்று வரப்போகிறது என்று ஸ்பீக்கரில் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனது. அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் செய்த முதல் வேலை, கூரை மேல் கல் ஏற்றியதுதான். தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஆணி துருப்பிடித்துப்போன தகரத்துக்குப் பாரம் வைத்தால் காற்று தூக்காது என்று ஒரு நம்பிக்கை. கல், பழைய டயர், உடைந்த ஆட்டுக்கல், எது கிடைத்தாலும் மேலே போகும்.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்து மூன்று வருசத்துக்கு மேல் ஆகிறது. கையும் காலும் அசையாது, தொட்டாலும் தெரியாது. அவர் நடமாடிய காலத்தில் ஆபீசிலும் கடையிலும் பேசுவதெல்லாம் அவர்தான். நான் பின்னால் நிற்பேன். இப்போது எனக்கு ஒருத்தரிடம் போய் ஒன்று கேட்க வாய் வராது. அன்றைக்கும் ஏணிப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அதைப் பார்த்து, ஒரு சுவர் தள்ளி அடுத்த அறையில் இருக்கிற பக்கத்துக் காம்பராக்காரர் தானாகவே எங்கள் கூரையில் ஏறினார். இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மனிதர். மனைவியும் இரண்டு பொம்பளைப் பிள்ளைகளும் அவருக்கு.

"எத்தன கல்லுக்கா வைக்கட்டும்? கோயில் கட்டுற அளவுக்குப் போதுமா?" என்று மேலிருந்து கேட்டார்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவர் நல்ல பெரிய கற்களாகப் பார்த்து வைத்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கச் சொல்லியிருந்தார்கள். சிலர் போனார்கள். இவரைத் தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் வேண்டும். யாரிடமாவது கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. "இங்கேயே கெடப்போம்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

மத்தியானம் காற்று வந்தது. முதலில் இறப்பர் மலையில் மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. வெடி போட்ட மாதிரி ஒன்று, பிறகு ஒன்று, பிறகு எண்ண முடியாமல். அதன் பிறகு எங்கள் தலைக்கு மேல் தகரம் ஓர் ஓரத்தில் எழும்பி, படீரென்று கூரை மரத்தில் அடித்தது. எழும்பியது, அடித்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. தகரம் சரிந்ததும் மேலே வைத்திருந்த கற்கள் உருண்டு உள்ளே விழுந்தன. ஒன்று அடுப்பில் விழுந்து பானையை நொறுக்கியது. அடுத்தது கட்டிலில் விழுந்தது.

"என்னமோ விழுந்திச்சே, எங்க விழுந்திச்சு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அவருடைய இடது கால் மேல்தான் விழுந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

"பானைல" என்றேன்.

இரண்டு கைகளாலும் கல்லைப் புரட்டித் தள்ளினேன். அவரையும் உருட்டித் தரையில் இறக்கிக் கட்டிலுக்கு அடியில் இழுத்தேன். அவருக்கு நெற்றி சிமெந்தில் இடித்தது. நானும் அடியில் புகுந்து அவர் மேல் படுத்துக்கொண்டேன். அதற்குள் கூரை போய்விட்டது. மழை ஊசி மாதிரி இறங்கியது. இன்னும் இரண்டு கற்கள் கட்டில் பலகையில் விழுந்தன.

எங்கள் லயம் நீளமாக ஒரே கூரை போட்டது. காம்பராவுக்குக் காம்பரா நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழத்துக்கு இடைவெளி இருக்கும். அதனால் பக்கத்துக் காம்பராவில் பிள்ளைகள் அலறுவது எங்கள் காதுக்குள் அலறுவது போலக் கேட்டது. அங்கேயும் கூரை போய்விட்டது.

"அக்கா, இருக்கீங்களா?" என்று அந்த மனிதர் கத்தினார். எனக்குச் சத்தம் வரவில்லை. திரும்பவும் கத்தினார். கையெட்டும் தூரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துச் சுவரில் தட்டினேன்.

விடியும்போது மழை விட்டிருந்தது. வீட்டுக்காரரின் கால் தொடை வரை வீங்கிப்போய், உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினேன். பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது, பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, வண்டி வராது என்றார்கள். மேற்கே மறுபடியும் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலோடு இன்னொரு தடவை நனைந்தால் இவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மழை வருமுன் இவர் தலைக்கு மேல் ஒரு தகரம் போட வேண்டும். வேறு நினைப்பே எனக்கு இல்லை.

லயத்துத் தகரங்கள் எல்லாம் கீழே இறப்பர் மலையில் கிடந்தன. மரத்தில் சுற்றிக்கொண்டு சில, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் மடங்கிக்கொண்டு சில. நல்லதாக இருந்தவை கொஞ்சம்தான். எல்லாம் ஒரே மாதிரி தோட்டத்துத் தகரம். ஊரே அங்கே இறங்கி இழுத்துக்கொண்டிருந்தது. ஓர் அண்ணனும் தம்பியும் ஒரு தகரத்தின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அம்மாவை இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். அண்ணன் மண்டையிலிருந்து இரத்தம் ஒழுகியது.

ஒரு முறிந்த மரத்துக்கு அடியில் நான்கு தகரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. நான் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கத்தை வந்து பிடித்தது பக்கத்துக் காம்பராக்காரர்.

"விடுங்கக்கா, இது எங்கூட்டுது. பாருங்க, எங்கூட்டு அடுப்புக் கரி."

எல்லார் வீட்டு அடுப்பிலும் அதே இறப்பர் விறகுதான், அதே கரிதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் அந்தத் தகரம் எங்களுடையதுதானா என்றும் எனக்குத் தெரியாது. நான் விடவில்லை. தகரத்தின் ஓரம் உள்ளங்கையை அறுத்தது.

"ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்க்கா. ஒங்களுக்கு என்ன, படுக்கையில கெடக்கிற ஒரு ஆளு. எதையாச்சும் போத்தி விட்டாப் போதும்."

அவர் மணிக்கட்டு என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கடித்தேன். பல் உள்ளே இறங்கியதும் வாயில் உப்புக் கரித்தது. அவர் மறு கையால் என் தலையில் ஓங்கி அறைந்தார். நான் தகரத்தின் மேலேயே விழுந்தேன். விழுந்தவள் எழும்பவில்லை. குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் இடுப்பில் காலை வைத்துத் தள்ளினார்.

"வாயே தொறக்காத மனுசி, தொறந்தா இப்பிடியா?" என்று கடைசிக் காம்பராக்காரி சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

அவர் கை இடுப்பில் செருகியிருந்த பால் கத்திக்குப் போனதை நான் பார்த்தேன். அதை அவர் மனைவியும் பார்த்தாள். மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தாள்.

"அதுல கை வச்சீங்கன்னா நான் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு இப்பவே எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். பாதை இல்லாட்டி ஆத்துல எறங்கிப் போவேன்."

அவர் கத்தியை எடுக்கவில்லை. எனக்கு அடியிலிருந்து இரண்டு தகரத்தை உருவி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு இரண்டு மிஞ்சியது.

அவற்றை மேட்டில் இழுத்து வந்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஏணியில் ஏறினேன். கட்டிலுக்கு நேர் மேலே இரண்டையும் வைத்து சைக்கிள் டியூப்பால் கூரை மரத்தோடு கட்டினேன். கல் வைக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் தன் காம்பராவின் நடுவில் தன் இரண்டையும் வைத்துக் கட்டினார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

பின்னேரம் மழை காற்றோடு வந்தது. என் பக்கம் திறந்திருந்த இடத்தில் நுழைந்த காற்று, சுவருக்கு மேலே புகுந்து அவர் தகரத்தை அடியிலிருந்து தூக்கியது. அவர் பக்கத்துக் காற்று என் தகரத்தைத் தூக்கியது. டியூப் இழுபட்டு இழுபட்டு மெலிந்தது. கட்டில் இரண்டு பக்கமும் நனைந்தது. வீட்டுக்காரருக்குக் காய்ச்சலில் பல் கிட்டியது.

அப்போது எங்கள் கூரை மரங்கள் மேல் ஆள் நடக்கிற சத்தம் கேட்டது. தகரத்துக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூலையில் இருந்த இரும்பு அலவாங்கை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு நின்றேன். மேலே திறந்திருந்த இடத்தில் அவர் முகம் தெரிந்தது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"குத்துறதுன்னா குத்துங்க. ஆனா கேட்டுட்டுக் குத்துங்க" என்றார். "தனித்தனியா போட்டா ரெண்டும் போயிரும். நாலையும் நடுச் சுவத்துக்கு மேல சேத்துப் போடணும். ஒங்களுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. சுவத்துக்கு மேல ஓடுற மரம்தான் ஆணி பிடிக்கும்."

நான் அலவாங்கை இறக்கவில்லை.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"அவ யாரு சொல்லிக் கேட்டா" என்றார் என் வீட்டுக்காரர். "நீ ஆணிய அடி."

தலைக்கு மேலிருந்த தகரத்தை அவர் கழற்றியபோது மழை நேராக இவர் முகத்தில் கொட்டியது. நான் அலவாங்கைப் போட்டுவிட்டு இவர் மேல் குனிந்து நின்றேன். முதுகில் தண்ணீர் அடிக்க அடிக்க ஆணி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவியும் பிள்ளைகளும் வந்து கட்டிலைச் சுவரோடு தள்ளினார்கள். அந்தப் பக்கம் சுவரை ஒட்டி அவர்கள் பாய் போட்டார்கள். காம்பராவின் மற்றப் பாதியில் அடுப்பும் பானை ஓடுகளும் நனைந்துகொண்டு கிடந்தன. தகரம் தூக்கவில்லை. இவர் முகத்தைத் துடைத்தேன். திரும்ப நனையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, கை எப்பிடி?"

"நாய் கடிச்சா ஊசி போடுவாங்க அண்ணே. இதுக்கு என்ன போடுவாங்கன்னு தெரியல."

இவர் சிரித்தார். சிரிக்கும்போது உடம்பு நடுங்கியது. நான் இன்னொரு சாக்கை எடுத்து இவர் மேல் போர்த்தினேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அந்த மனிதர்தான் மூன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பலகையில் வைத்து இவரைப் பெரிய ரோடு வரைக்கும் தூக்கிப் போனார். கால் தப்பியது. தோட்டத்து ஆபீசில் புதுத் தகரம் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. அந்த நான்கு தகரத்தின் கீழ்தான் இரண்டு குடும்பமும் இருக்கிறோம். என்னைக் கண்டால் அவர் கையைப் பின்னால் வைத்துக்கொள்கிறார். அது விளையாட்டுக்கா, உண்மைக்கா என்று நான் கேட்டதில்லை.